மறைந்ததைக் காட்டும் கதிர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வறண்ட நிலப்பகுதி. கரிசல் மண்ணும், வற்றிய கண்மாய்களும், அடர்ந்த சீமைக் கருவேலமும் அங்கே மிகுதி. கோடைக்கால மாலையில் அம்முட்புதர்களுக்கிடையே ஒரு மோட்டார் வண்டி நிற்பதாகக் கொள்வோம். மங்கிய ஒளியில் அது நம் கண்ணுக்குப் புலப்படாது. அதனைக் கண்டறிவது எங்ஙனம்?

எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகின்றன. ஞாயிற்றொளியில் இத்தகைய கதிர்கள் இருப்பதை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் கண்டறிந்தார். வெப்பப் படக் கருவி இவற்றைப் படமாக்கிக் காட்டும். சூடான பொருள் அப்படத்தில் தனித்துத் தெரியும். ஆயின், இதற்கும் ஓர் இடையூறு உண்டு. வெயிலில் காய்ந்த வண்டியின் தகடு விரைவில் ஆறும். மண் மெல்ல ஆறும். ஆதலின் மாலையில் ஒரு நேரம் இரண்டின் வெப்பநிலையும் ஒத்துவிடும். அப்போது வண்டி படத்திலும் மறைந்துவிடும். காலையில் வெயில் ஏறும்போதும் இவ்வாறே நிகழும்.

இங்கே துணைபுரிவது தளவிளைவு என்னும் ஒளியின் பண்பு. ஒளியலைகள் பொதுவாகப் பல தளங்களில் அதிர்கின்றன. வழவழப்பான பரப்பில் சாய்வாகப் பட்டு மீளும் ஒளியிலோ ஒரு தளத்து அதிர்வே மிகுந்திருக்கும். இதுவே தளவிளைவு. 1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்தினின்று கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவியின் வழியே கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வானொளியை அதனால் விலக்கினார். அதன் பின்னும் கடல் நீலமாகவே தோன்றிற்று. ஆதலின் அந்நிறம் வானத்தின் சாயலன்று, நீரே ஒளியைச் சிதறச்செய்வதால் எழுவது எனத் தெளிந்தார்.

இந்நெறி அகச்சிவப்புக் கதிருக்கும் பொருந்தும். வழவழப்பான தகடு வெளிவிடும் கதிரைச் சாய்வாக நோக்கினால், அதிலும் ஒரு தளத்து அதிர்வு சற்றே மிகுந்திருக்கும். கரடுமுரடான மண்ணிலும், இலையிலும், முள்ளிலும் அம்மிகுதி மிகக் குறைவு. ஆகவே, கருவியின் முன் ஒரு தளவடிகட்டியை வைத்து, அதனைப் பல கோணங்களில் திருப்பிப் படமெடுத்து, அப்படங்களை ஒப்பிடுவர். வெப்பநிலை ஒத்திருந்தபோதும் தகடு வேறாகத் தெரியும். பின்னர்க் கணிப்பொறி, அவ்வுருவத்தைத் தான் முன்னர்க் கற்ற உருவங்களோடு ஒப்பிட்டு, இன்ன பொருள் எனக் கூறும்.

எனினும், அதன் சொல்லே முடிந்த முடிபாகாது. அசைவற்ற கண்மாய் நீரும் வழவழப்பானதே. அதுவும் தளவிளைவைக் காட்டும். உழவரின் டிராக்டரும், பகைவரின் போர் வண்டியும் தகட்டால் ஆனவையே. நாட்டுக் காவலில் இக்கருவியைப் பயன்படுத்துவோர் ஆராயாது நம்பினால், குற்றமற்ற ஒருவரின் உயிர் போக நேரிடும். கடலின் நிறத்தைக் கண்ட அளவில் முடிவு கூறாமல், இராமன் மீண்டும் சோதித்து நோக்கினார். கருவி எத்துணைக் கூர்மையுடையதாயினும், அவ்வாறு ஐயுற்று ஆராயும் பொறுப்பு மனிதனுடையதே.