பள்ளிக்கூட வேலையும் யூனியன் பேச்சுவார்த்தையும்: ஒன்ராறியோவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேயர்டேக்கர், அலுவலக செக்ரட்டரி, விசேட தேவையுள்ள பிள்ளையோடு நாள் முழுக்க நிற்கும் ஈ.ஏ. (கல்வி உதவியாளர்), பாலர் வகுப்பில் ஈ.சி.ஈ. (மழலைக் கல்வியாளர்), மதிய வேளையில் மட்டும் வந்துபோகும் லஞ்ச்ரூம் சூப்பர்வைசர். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் நம்மவர்கள் பலர் இந்த வேலைகளில் இருக்கிறார்கள். அனேகமானோருக்கு இதுதான் யூனியன் உள்ள முதல் வேலை. அதுவரை உணவகத்திலோ பாக்டரியிலோ முதலாளி சொன்னதே சம்பளம், அவர் போட்டதே ஷிஃப்ட். இங்கே சம்பளத்தைப் பேசித்தான் தீர்க்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கே, யாரோடு, எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: எந்தச் சங்கம் என்று கண்டுபிடியுங்கள்

சம்பளத் துண்டில் "யூனியன் டியூஸ்" என்று ஒரு கழிவு இருக்கும். "நான் சேரவே இல்லையே, ஏன் வெட்டுகிறார்கள்?" என்று கேட்காத புதியவர் இல்லை. 1945 இல் வின்சர் நகரத்து ஃபோர்ட் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்தை அடுத்து நடுவராக வந்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946 இல் சொன்ன தீர்வு அது. ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் கிடைப்பதால் அதன் செலவையும் எல்லோரும் ஏற்க வேண்டும். ஆனால் உறுப்பினராகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆகவே டியூஸ் கட்டுவது வேறு, உறுப்பினராவது வேறு. உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் கிளைக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், நிர்வாகிகளைத் தெரிவு செய்யலாம். காசையும் கட்டி வாயையும் கட்டிக்கொண்டிருப்பது நட்டம்.

ஆசிரியரல்லாத பள்ளிப் பணியாளர்களில் சுமார் 55,000 பேர் கனேடிய அரசுத்துறை ஊழியர் சங்கத்தில், அதாவது கியூப்பியில், இருக்கிறார்கள். ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையில் 4400 ஆம் கிளை, டூரத்தில் 218 ஆம் கிளை. ஆனால் எல்லாக் கல்விச்சபைகளிலும் கியூப்பிதான் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் ஆசிரியர் சங்கங்களே உதவிப் பணியாளர்களையும் சேர்த்து வைத்திருக்கின்றன. உங்கள் பள்ளியின் ஸ்டூவர்ட் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். சங்கத்தின் சார்பில் அந்தக் கட்டடத்தில் உங்களுக்காகப் பேசுபவர் அவர்.

இரண்டாம் படி: ஒப்பந்தப் புத்தகத்தைப் படியுங்கள்

பெரும்பாலும் சங்கத்தின் இணையத்தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். முழுவதையும் படிக்க யாருக்கும் பொறுமை வராது, தேவையும் இல்லை. முதலில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: தகுதிகாண் காலம் (புரொபேஷன்) எவ்வளவு, சீனியாரிட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், வேலை நேரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, முறைப்பாடு செய்ய எத்தனை நாள் அவகாசம்.

சுகவீன விடுப்பையும் பாருங்கள். நிரந்தரப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 11 நாள் முழுச் சம்பளத்தோடும், அதற்கு மேல் 120 நாள் வரை 90 சதவீதச் சம்பளத்தோடும் கிடைக்கிறது. இது தெரியாமல் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று ஓய்வூதியம். ஆசிரியர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. உதவிப் பணியாளர்களுக்கு ஓமர்ஸ் என்ற திட்டம். 2023 ஜனவரி முதல் பகுதி நேரப் பணியாளரும் காத்திருக்காமல் அதில் சேரலாம். ஆனால் அது தானாக நடக்காது, நீங்கள் விரும்பிக் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு மேசைகளையும் பிரித்தறியுங்கள்

இங்கேதான் பலரும் குழம்புவது. ஒன்ராறியோவில் பள்ளிப் பேச்சுவார்த்தை இரண்டு மேசைகளில் நடக்கிறது. ஒரு காலத்தில் கல்விச்சபையே உள்ளூர் வரி அறவிட்டுச் சம்பளம் கொடுத்தது. 1990களின் இறுதியில் அந்த அதிகாரத்தை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. பெட்டிச் சாவி மாகாண அரசு இருக்கும் குயின்ஸ் பார்க்குக்குப் போய்விட்டது, கதிரையில் மட்டும் கல்விச்சபை இருந்தது. காசில்லாத ஆளோடு சம்பளம் பேசி என்ன பயன்? 2014 இல் வந்த கல்விச்சபைக் கூட்டுப்பேரச் சட்டம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது.

மத்திய மேசையில் மூன்று தரப்பு: சங்கத்தின் மாகாணப் பேரவை, கல்விச்சபைகளின் கூட்டமைப்பு, மாகாண அரசு. சம்பள உயர்வு, சுகவீன விடுப்பு, மருத்துவக் காப்பு போன்ற பெருங்காசு விடயங்கள் அங்கே. உள்ளூர் மேசையில் உங்கள் கிளையும் உங்கள் கல்விச்சபையும் மட்டும். ஷிஃப்ட், இடமாற்றம், வெற்றிடத்தை யாருக்குக் கொடுப்பது, மேலதிக நேரத்தை எப்படிப் பகிர்வது ஆகியவை இங்கே. உங்கள் புத்தகம் இரண்டு பகுதியாக இருப்பதும் இதனால்தான்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் மத்திய மேசையின் சதவீதத்தை மட்டும் பேசும். என் கணிப்பில் பகுதி நேர வேலையில் இருப்பவருக்கு உள்ளூர் மேசை அதைவிடப் பெரிது. ஏன் என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நான்காம் படி: உங்கள் கோரிக்கையை மேசைவரை கொண்டுபோங்கள்

ஒப்பந்தம் முடிய 90 நாள் இருக்கும்போது பேச்சுக்கு அழைப்பு விடுக்கலாம். அதற்கு முன்பே சங்கம் ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பும், கூட்டம் வைக்கும், பேச்சுக் குழுவைத் தெரிவு செய்யும். மின்னஞ்சலில் வரும் அந்தக் கருத்துக்கணிப்பைத் தூக்கிக் குப்பையில் போடாதீர்கள்.

"சம்பளம் போதாது" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. மேசையில் அமர்பவருக்கு வேண்டியது விபரம். ஒரு லஞ்ச்ரூம் சூப்பர்வைசர் இப்படி எழுதலாம்: "எனக்குச் சம்பளம் 11.30 முதல் 12.30 வரை. பனிக்காலத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனிச்சட்டையும் பூட்ஸும் போட்டு, சிப் பூட்டி வெளியே அனுப்பவே கால் மணி நேரம் ஆகிறது. அதற்காக 11.15க்கே வந்துவிடுகிறேன். அந்தக் கால் மணிக்குச் சம்பளம் இல்லை." இதே வரி இருபது பள்ளிகளிலிருந்து வந்தால் அது ஒரு கோரிக்கையாகிவிடும். ஒரே ஒருவர் எழுதினால் முணுமுணுப்பாகவே நின்றுவிடும். ஆகவே பக்கத்துப் பள்ளியில் இருக்கும் அக்காவுக்கும் அழைத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பேச்சு நடக்கும்போது என்ன நடக்கிறது

இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்பது சட்டம். விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல. உடன்பாட்டுக்கு உண்மையாக முயல வேண்டும். ஒப்பந்த காலம் முடிந்தாலும், வேலைநிறுத்தம் சட்டபூர்வமாகும் கட்டம் வரை பழைய நிபந்தனைகளே தொடரும். அதுவரை கல்விச்சபை நினைத்தபடி சம்பளத்தையோ நேரத்தையோ மாற்ற முடியாது. "ஒப்பந்தம் முடிஞ்சிட்டுதாம், இனி என்ன ஆகுமோ" என்று ஒவ்வொரு முறையும் கிளம்பும் வதந்திக்கு இதுதான் பதில்.

இழுபட்டால் அரசு ஒரு சமரச அதிகாரியை அனுப்பும். அவராலும் முடியாவிட்டால் "நோ போர்ட்" அறிக்கை வரும். பெயர் விசித்திரமாக இருந்தாலும் பொருள் எளிது: சமரசக் குழு அமைக்கப் போவதில்லை, இனி உங்கள் பாடு. அதிலிருந்து 17 ஆம் நாள் வேலைநிறுத்தம் சட்டபூர்வமாகிறது. பள்ளிகளில் இதற்கு மேல் 5 நாள் முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: வேலைநிறுத்த வாக்கில் பயப்படாமல் வாக்களியுங்கள்

நம்மில் மூத்தவர்கள் சிலருக்கு "ஸ்ட்ரைக்" என்றதுமே 1980 ஜூலை நினைவுக்கு வரும். ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு இலங்கையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் நாற்பதாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இங்கே சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தில் பங்குபற்றியதற்காக யாரையும் வேலையைவிட்டு நீக்க முடியாது. 2015 இல் சஸ்காச்சுவான் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்த உரிமையை அரசியலமைப்பு காக்கும் உரிமை என்றே சொல்லிவிட்டது.

வேலைநிறுத்தத்துக்கு "ஆம்" என்று வாக்களித்தால் மறுநாளே தெருவில் நிற்க வேண்டும் என்பதில்லை. மேசையில் இருப்பவரின் கையைப் பலப்படுத்துவதே அந்த வாக்கின் வேலை. வாக்கு இரகசியமானது. உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடாதவருக்கும் இந்த வாக்கு உண்டு.

2022 இல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கியூப்பியின் முந்தைய ஒப்பந்தம் ஆண்டுக்கு 1 சதவீத உயர்வோடு முடிந்திருந்தது. அந்த 1 சதவீத உச்சவரம்பை அரசு 2019 இல் சட்டமாகவே கொண்டுவந்திருந்தது. அதற்குள் விலைவாசி எகிறிவிட்டது. தமது உறுப்பினரின் சராசரி ஆண்டு வருமானம் 39,000 டொலர் என்று சொன்ன சங்கம் ஆண்டுக்கு 11.7 சதவீதம் கேட்டது. அரசு கடைசியாகச் சொன்னது, 43,000 டொலருக்குக் கீழே உழைப்பவர்களுக்கு 2.5 சதவீதம், மற்றவர்களுக்கு 1.5. வாக்கில் 96.5 சதவீதத்தினர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. அக்டோபர் 30 அன்று முன்னறிவித்தல் போனது. மறுநாளே அரசு 28 ஆம் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தம் தடை, ஒப்பந்தம் மேலிருந்து திணிப்பு, மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை தண்டம், சங்கத்துக்கு 5 இலட்சம் வரை. நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும் அடைக்க, அடிப்படை உரிமைகளை மீற அரசியலமைப்பு விட்டுவைத்த 33 ஆம் பிரிவையும் அதில் சேர்த்தார்கள்.

நவம்பர் 4, வெள்ளிக்கிழமை. ஒரு மாத உழைப்பை ஒரே நாளில் விழுங்கக்கூடிய தண்டம் தலைக்கு மேல் தொங்க, ஈ.ஏ.க்களும் கேயர்டேக்கர்களும் வேலைக்குப் போகாமல் வீதிக்கு வந்தார்கள். மற்றத் தொழிற்சங்கங்களும், முந்தைய தேர்தலில் டக் ஃபோர்ட்டை ஆதரித்த கட்டுமானச் சங்கங்கள் உட்பட, பின்னால் நின்றன. திங்கட்கிழமை முதல்வர் ஃபோர்ட் சட்டத்தை மீளப் பெறுவதாக அறிவித்தார். சில நாட்களில் அது இரத்தானது. சங்கம் அறிவித்த இரண்டாவது வேலைநிறுத்தம் தொடங்க ஒரு நாள் இருக்கையில், நவம்பர் 20 அன்று உடன்பாடு வந்தது.

ஏழாம் படி: உடன்பாடு வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்

2022 உடன்பாட்டில் கிடைத்தது நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் மணிக்கு 1 டொலர் உயர்வு. சராசரியாக 3.59 சதவீதம் என்று செய்திகளில் வந்தது. ஆனால் சராசரியில் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. மணிக்கு 20 டொலர் வாங்குபவருக்கு ஒரு டொலர் 5 சதவீதம். 35 வாங்குபவருக்கு 3 சதவீதம்கூட இல்லை. குறைந்த சம்பளக்காரரைத் தூக்கிவிடும் வடிவம் இது. சதவீதமாக வாங்கியிருந்தால் மேலே இருப்பவருக்கே அதிக டொலர் போயிருக்கும்.

இனி உள்ளூர் மேசைக் கணக்கு. வாரம் 30 மணி, ஆண்டுக்கு 40 வாரம் வேலை செய்யும் ஈ.ஏ.க்கு ஒரு டொலர் உயர்வு ஆண்டுக்கு 1,200 டொலர். வாரம் 10 மணி, 38 வாரம் வேலை செய்யும் லஞ்ச்ரூம் சூப்பர்வைசருக்கு அதே ஒரு டொலர் வெறும் 380. அவருக்கு வாரத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்தால், 20 டொலர் வீதத்தில் ஆண்டுக்கு 1,520 டொலர். சதவீதத்துக்காக நடக்கும் சண்டையில் பாதியளவாவது மணிக்கணக்குக்காக நடக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த உடன்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி இல்லை. பள்ளிகளுக்கு மேலதிக ஆள்பலம் வேண்டும் என்ற கோரிக்கை கைகூடவில்லை. அப்போதைய பேரவைத் தலைவியும் ஈ.ஏ.யுமான லோரா வோல்டனே தனக்கு அது பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். டிசம்பரில் முடிந்த வாக்கெடுப்பில் 73 சதவீதத்தினர் ஏற்றார்கள். பிடிக்காவிட்டால் நீங்களும் "இல்லை" என்று வாக்களிக்கலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் "இல்லை" வென்றால் மீண்டும் மேசைக்கு, ஒருவேளை மீண்டும் வீதிக்கு. அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை.

எட்டாம் படி: எழுதியதை நடைமுறைப்படுத்துங்கள்

ஒப்பந்தத்தில் உள்ள உரிமை தானாக வீட்டுக்கு வராது. சீனியாரிட்டியில் முன்னால் நிற்கும் உங்களை விட்டுவிட்டு வேறொருவருக்கு நேரம் கொடுத்தால், முறைப்பாடு (கிரீவன்ஸ்) செய்ய வேண்டும். அதிபரோடு வாக்குவாதம் வேண்டாம். சொன்ன வேலையைச் செய்யுங்கள், அன்றே ஸ்டூவர்ட்டுக்கு அறிவியுங்கள். பாதுகாப்பு ஆபத்து இருந்தால் மட்டும் இது பொருந்தாது. ஆபத்தான வேலையை மறுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். அவகாசம் நாட்கணக்கில்தான் இருக்கும், தவறினால் நல்ல முறைப்பாடும் செத்துப்போகும்.

பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போகும். அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நடுவரிடம் கொண்டுபோவதா இல்லையா என்று முடிவெடுப்பது நீங்கள் அல்ல, சங்கம். சங்கம் உங்கள் விடயத்தைப் பக்கச்சார்பாகவோ, ஏனோதானோ என்றோ, கெட்ட நோக்கத்தோடோ கைவிட்டதாகக் கருதினால், ஒன்ராறியோ தொழில் உறவுகள் வாரியத்தில் முறையிட தொழில் உறவுகள் சட்டத்தின் 74 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சங்கத்தின் முடிவு பிழை என்று மட்டும் காட்டினால் வாரியம் ஏற்காது. வாரியத்துக்குப் போகும் முன் ஸ்டூவர்ட்டுக்கு மேலே இருக்கும் கிளைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், காரணத்தையும் எழுத்திலேயே வாங்குங்கள்.