லினக்ஸ் பேக்கப்: எதை நம்பலாம்?

லினக்ஸ் மின்ட்டோடு சேர்ந்தே வரும் டைம்ஷிஃப்ட்டை முழு பேக்கப் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்டேட் சொதப்பினால் கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ‘ஹோம்’ ஃபோல்டரில் இருக்கும் குழந்தையின் படங்களையும் வரிக் கணக்கையும், நாமாக அமைப்பை மாற்றாதவரை, அது தொடுவதே இல்லை.

சொந்தக் கோப்புகளுக்கு தேஜா டூப் என்ற பேக்கப் செயலி எளிது. ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் காட்டி, வாரம் ஒருமுறை என்று சொல்லிவிட்டால் போதும். கட்டளை வரி பழகியவர்களுக்கு போர்க் இன்னும் மேல். ஒரே தரவை இரண்டாம் முறை சேமிக்காததால் இடம் மிச்சம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ‘டெலீட்’ விருப்பத்தோடு ஓட்டுபவர்கள் மட்டும் உஷார்: கணினியில் கை தவறி அழித்த கோப்பு, அடுத்த ஓட்டத்தில் நகலிலிருந்தும் போய்விடும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப் கணக்கில் சேராது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். தினசரி பேக்கப் மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் தோற்றுக்கொண்டிருந்தது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. கைகொடுத்தது, வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த நகல்!

மாதம் ஒருமுறை, ஒரு கோப்பையாவது வேறு ஃபோல்டரில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.