காவிரியின் சால்மனுக்கு ஒரு தொடக்க நாள்

அன்பு மருமகளுக்கு,

ஸ்காட்லாந்தில் டே என்றொரு ஆறு. ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று அதன் கரையில் இருக்கும் கென்மோர் என்ற சிற்றூரில் பைப் வாத்தியம் முழங்க ஊர்வலம் கிளம்பும். நடுங்கும் குளிரில் தூண்டில்காரர்கள் கூட்டமாக ஆற்றுக்கு நடப்பார்கள். படகின் மேல் விஸ்கி ஊற்றி வாழ்த்துவார்கள். சால்மன் மீன் பிடிக்கும் பருவம் அன்றுதான் திறக்கிறது. அக்டோபர் நடுவில் மூடிவிடும். இதே ஆற்றில் 1922-இல் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு எடையுள்ள சால்மனைப் பிடித்தார். ஏறத்தாழ 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய மிகப் பெரிய சால்மன் இன்றுவரை அதுதான்.

அந்த 64 பவுண்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேள். 1946 மார்ச் மாதம், காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் ஒரு மகசீர் மாட்டியது. எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! வான் இங்கன் குடும்பத்தார் மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழில் செய்தவர்கள். அவர்களுடைய பெயரை உலகத் தூண்டில்காரர்கள் இன்றும் சொல்வது இந்த ஒரு மீனால்தான்.

மகசீர் கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன். சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். மகசீர் கடலைப் பார்ப்பதே இல்லை. ஆனால் மழை இறங்கி ஆறு பெருகியதும் அதுவும் வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். கூழாங்கல் பரவிய இடம் தேடி முட்டையிடும். இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் அதை இந்தியாவின் சால்மன் என்றார்கள். மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூலே எழுதினார். தூண்டிலில் மாட்டிய பிறகு இழுத்துப் போராடுவதில் மகசீர் சால்மனையும் மிஞ்சும் என்பது அவர் கட்சி.

காவிரிக்கும் உன் ஊரான கோலார் தங்கவயலுக்கும் என்ன உறவு என்று நீ கேட்கலாம். 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திர அருவியின் நீர் விசையில் பிறந்த மின்சாரம் சுமார் 148 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிவந்து கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கியது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்து பாதாளத்தில் இறங்கிய நம் முன்னோரின் வேலை காவிரியின் வேகத்தால் நடந்தது. அந்த அருவிக்குக் கீழே முத்தத்தி, பீமேஸ்வரி, காலிபோரே, சங்கமம், மேகதாது என்று காட்டுக்குள் ஓடி ஒகேனக்கல் வரும் நீளம்தான் மகசீரின் பேர்பெற்ற வீடு.

அந்த வீட்டிலும் ஒரு பருவம் இருந்தது. மழைக்கால வெள்ளம் வடிந்து நீர் தெளிந்ததும் தூண்டில்காரர்கள் வருவார்கள். பீமேஸ்வரியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம் நடத்தியது. தூண்டிலுக்கு இரை என்ன தெரியுமா? நம் வீட்டுக் களிதான். கேழ்வரகு மாவை வேகவைத்து உருண்டை பிடித்து முள்ளில் கோத்துப் போடுவார்கள். பரிசல் தள்ளி, மீன் கிடக்கும் மடுவைக் காட்டியவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆட்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலர் அங்கே சம்பளத்துக்குக் காவலர்களாக மாறினார்கள். பிடித்த மீனை எடைபோட்டு, படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்போல் கடைப்பிடிக்கப்பட்டது. 2010-க்குப் பிறகான ஆண்டுகளில், வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று அந்தத் தூண்டில் பருவமும் நின்றது. தூண்டில்காரர்கள் இருந்தவரை ஆற்றுக்குக் கண்கள் இருந்தன, அவர்கள் போனபின் கொள்ளை எளிதாயிற்று என்று ஒரு தரப்பு சொல்கிறது. சரணாலயம் என்றால் எந்த உயிருக்கும் முள் குத்தக்கூடாது என்கிறது மறுதரப்பு. முதல் தரப்பின் பேச்சில் நியாயம் கூடுதலாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கொள்ளை என்றால் வெடி. தோட்டா என்றால் என்னவென்று தங்கவயல் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாறையைப் பிளக்கும் அதே தோட்டாவை மடுவில் எறிந்தால் பெரியது, சிறியது, குஞ்சு, முட்டை எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. நூறாண்டு தாண்டியும் வெடிச்சத்தம் ஓயவில்லை.

இன்னொரு தீங்கு நல்லெண்ணத்தோடு வந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை பெருகின; காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் குறைந்தது. கபினியின் 120 பவுண்டு மீன் இந்தத் திமில் இனம்தான். அத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை அறிவியலில் சரியான பெயர்கூட உறுதியாகவில்லை. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் தெளிந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீன் ஆய்வாளர் கே. ரெமா தேவியின் பெயர் அது. பெயர் உறுதியான அதே ஆண்டில் அந்த மீன், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பன்னாட்டுப் பட்டியலில் ஏறியது.

இதையெல்லாம் ஏன் பருவத் திறப்பு பற்றிய கடிதத்தில் எழுத வேண்டும்? ஒரு பருவத்தைத் திறக்க வேண்டுமானால் அதற்குமுன் அது மூடியிருக்க வேண்டும். கென்மோரின் கொண்டாட்டத்துக்குப் பின்னால் மூன்று மாத ஓய்வு இருக்கிறது. இப்போது அங்கே ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனை உயிரோடு ஆற்றில் விட்டாக வேண்டும். நம் கடற்கரையும் இதை அறியும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 நாளாக நீண்டது. அந்த நாட்களில் வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதுமாக இருக்கும். தடை முடிந்ததும் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, பூசை போட்டு, ராமேசுவரத்திலும் நாகையிலும் காசிமேட்டிலும் படகுகள் வரிசையாகக் கிளம்பும் காட்சிதான் நம்மவர்களின் கென்மோர்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வேறு விதம். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீருக்குள் பாயும். கெளுத்தியும் விராலும் கெண்டையும் அன்று எல்லா வீட்டுக் குழம்பிலும் மணக்கும். அது பருவத்தின் முடிவு விழா. நீர் எப்படியும் வற்றப் போகிறது என்பதால் அள்ளலாம். ஆற்று மகசீருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆற்று மீனைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பெனாப்ஸ்காட் ஆறு சாட்சி. அங்கே 1912 முதல் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் முதல் சால்மனை ஜனாதிபதிக்கு அனுப்பிவைப்பார்கள். முதலில் பெற்றவர் டாஃப்ட். அணைகளும் கழிவும் சேர்ந்து மீனைக் குறைக்க, 1992-க்குப் பிறகு அனுப்ப மீன் இல்லை. பிறகு 2012-இலும் 2013-இலும் கீழாற்றின் இரண்டு அணைகளை இடித்து மீனுக்கு வழி விட்டார்கள்.

காவிரியில் 1930-களிலேயே மேலே கிருஷ்ணராஜசாகரும் கீழே மேட்டூரும் எழுந்துவிட்டன. மகசீருக்கு மிஞ்சிய நடு நீளத்தில்தான் மேகதாது அணைத் திட்டமும் பேசப்படுகிறது. பெங்களூருக்கு எவ்வளவு டி.எம்.சி., டெல்டாவுக்கு எவ்வளவு டி.எம்.சி. என்ற வழக்கில் மீனின் பங்கையும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழர்களிடம் காவிரிக்கென்று ஒரு தொடக்க நாள் ஏற்கெனவே இருக்கிறது: ஆடிப் பதினெட்டு. காவிரி கருவுற்றிருக்கிறாள் என்று சொல்லி, மசக்கைக்குச் சித்திரான்னம் படைத்து, காதோலை கருகமணி விடுகிறார்கள். புதுவெள்ளம் வரும் அந்த நாட்களில்தான் மகசீரும் சினையோடு மேலே ஏறுகிறது. மீன்பிடிப்புக்குத் தடை வைக்கவும் அதைவிடப் பொருத்தமான காலம் காவிரிக்கு இல்லை.

இந்த ஆடியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கனகபுரா வழியாகச் சங்கமத்துக்குப் போய் வா. வெள்ளம் கலங்கி ஓடும், மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மகசீரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்துக் காவிரிப் படித்துறைக்கோ, துங்கைக் கரையில் சிருங்கேரிக்கோ போ. அங்கே கோவில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிக்கொள், ஒருபிடி போதும்.

அன்புடன்,
மாமா