சான்றிதழிலும் சாதி, சபையிலும் சாதி

கேள்வி: சான்றிதழில் ஒரு சாதி, கோயிலில் உட்காரும் இடத்திலும் அதே சாதி. அப்புறம் கிறிஸ்துவுக்குள் நான் யார்?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: இந்த வலியை ஆறுதல் வார்த்தையால் மூடிவிட எனக்கு மனமில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்குத்தளம் கேட்டதில் மூண்ட மோதல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனது. இரண்டு பேர் இறந்தார்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையோ, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் தேட, பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தை எடுங்கள். மொத்தமே 25 வசனம். எஜமான் பிலேமோனைப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், அவனைச் சகோதரனாக ஏற்கச் சொல்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் தன் கணக்கில் எழுதச் சொல்கிறார். இங்கே மாற வேண்டியவர் யார்? எஜமான்தான். ஒநேசிமு யார் என்பது கடவுளிடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. உங்கள் விஷயத்திலும் அப்படியே. நீங்கள் கடவுளின் பிள்ளை. கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து எழுப்பிய சுவர்கூட அதை மாற்றாது.

இந்தக் கடிதத்தை உங்கள் சபைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.