ஓவியர் அமைத்த ஊர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. குடவோலையில் பெயர் எழுதப்பெறுவோர்க்கு இறை செலுத்தும் கால்வேலி நிலமும், தம் மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்பது அது வகுத்த விதிகளுள் ஒன்று. சொந்த நிலத்தில் நிற்பவனே அச்சமின்றிப் பேசுவான் என்று அக்காலத்தார் எண்ணினர் போலும்!

உத்திரமேரூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, சென்னைக்குத் தெற்கே கடலோரத்து ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ஆம் ஆண்டு ஓவியரும் சிற்பியரும் கூடித் தமக்கென ஓர் ஊர் அமைத்தனர். சோழர் நினைவாக அதற்குச் 'சோழமண்டலம்' எனப் பெயரிட்டனர். அவர்தம் தலைவர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பப் பொறுப்பினால் இளமையிலேயே கல்லூரிப் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். ஆயினும் தூரிகையை விட்டாரல்லர். இருபத்தைந்தாம் வயதில் சென்னை ஓவியப் பள்ளியிற் சேர்ந்து, தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். பின் அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வருமானார்.

அப்பதவியில் ஒரு கவலை அவரை வாட்டியது. திறமை மிக்க மாணவர் பலர், பள்ளியை விட்டதும் வயிற்றுப்பாட்டின் பொருட்டு வேறு தொழில் தேடிக் கலையைக் கைவிட்டனர். படம் வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. வாங்குவோர் விருப்பத்துக்கு வரைந்தால் பிழைக்கலாம்; ஆனால் அப்பொழுது படம் யாருடையது?

பணிக்கர் கண்ட வழி எளியது. துணியில் மெழுகு தீட்டிச் சாயமேற்றும் 'பாத்திக்' முதலிய கைத்தொழில்களால் உணவுக்குப் பொருள் தேடுவது. எஞ்சிய பொழுதில் எவர்க்கும் அஞ்சாது மனம்போல் வரைவது. அத்துணிகள் விற்ற பணமே நிலம் வாங்க உதவிற்று. மணலும் சவுக்குமாக இருந்த இடத்தில் குடிசைகள் எழுந்தன. மின்விளக்கின்றியும் வாழ்ந்தனர். பொதுக் காரியங்களைத் தம்முட் கூடியே முடிவு செய்தனர்.

இதே ஆண்டுகளில்தான் பணிக்கர் 'சொற்களும் குறிகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தீட்டினார். 1963-இல் தொடங்கிய அவ்வரிசையில் சாதகக் கட்டம் போன்ற கோடுகளும், கணக்குக் குறிகளும், மலையாள எழுத்தை ஒத்த வடிவங்களும் நெருங்கி நிற்கும். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் பிடிபடாது! பொருள் தேடுவதை விட்டு, அவ்வெழுத்துகளின் வளைவையும் நெரிசலையும் மட்டும் நோக்குக. ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அயலாகத் தோன்றா.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் மகனும் சிற்பியுமான நந்தகோபால் அவ்வூர்ப் பணியைத் தொடர்ந்து, 2017-இல் காலமானார். ஈஞ்சம்பாக்கம் இன்று சென்னை மாநகரோடு இணைந்துவிட்டது. அங்கே 2009-இல் திறந்த காட்சிக்கூடத்தில் பணிக்கர், அவர் மாணவர் ஆகியோரின் படைப்புகளை நாம் காணலாம்.