கோன் அடித்தால் விலகுவார்களா?

முன்னால் செல்பவர் கோன் சத்தம் கேட்டதும் விலகிவிடுவார், ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சாரதிகள் பலரிடம் ஊறியிருக்கிறது. காது மந்தமான முதியவருக்கு அந்தச் சத்தம் எட்டுவதில்லை. எட்டியவரோ வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கும்போது கையும் சேர்ந்து திரும்ப, சைக்கிளின் முன்சில்லு வலப்பக்கம் சரிந்து வாகனத்தின் பாதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பாதசாரி, சைக்கிளோட்டி, மோட்டார் சைக்கிளில் செல்பவர் ஆகியோர், உடலைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாத காரணத்தால், எளிதில் பாதிப்புறும் வீதிப் பாவனையாளர் எனப்படுகின்றனர். உலகில் வீதி விபத்துகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நேரான, வெறிச்சோடிய காப்பெற் வீதியில் வேகமாகச் செல்வதில் ஆபத்தில்லை என்பது இதனினும் பொல்லாத நம்பிக்கை. 1990க்குப் பின் எரிபொருள் தடையால் குடாநாடே சைக்கிளில் ஓடிய காலத்தில் குண்டும் குழியுமே வேகத்துக்குக் கடிவாளமாக இருந்தன. போர் முடிந்த 2009க்குப் பின், தார்க்கலவையை இயந்திரத்தால் சமமாகப் பரப்பும் காப்பெற் முறையில் பிரதான வீதிகள் செப்பனிடப்பட்டபோது அந்தக் கடிவாளம் அறுந்தது. ஆனால், கிடுகு வேலிக்கும் மதிலுக்கும் இடையிலிருந்து திடீரென வீதிக்கு வந்து சேரும் ஒழுங்கைகள் மாறவில்லை. ஒழுங்கை வாயிலில் முதலில் தெரிவது ஒரு முன்சில்லு மட்டுமே, அதை ஓட்டி வருபவரின் முகம் தெரிய மேலும் ஒரு கணம் ஆகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தாலும், காய்ந்த வீதியில் நிற்பதற்குச் சுமார் 28 மீற்றர் ஓடும். 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்த கார், முதற்கார் நிற்கும் அதே இடத்தை ஏறத்தாழ 58 கிலோமீற்றர் வேகத்தில் கடந்து சென்றுகொண்டிருக்கும். நகர்ப்புறத்தில் காருக்கு 50, முச்சக்கரவண்டிக்கு 40 என இலங்கையில் எல்லை வகுக்கப்பட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சைக்கிள்காரர் ஓரத்தை ஒட்டித்தான் செல்லவேண்டும் என்று கடிந்துகொள்பவர்கள், காப்பெற்றின் விளிம்புக்கும் அப்பால் கிடக்கும் மணலுக்கும் இடையிலான இறக்கத்தை இறங்கிப் பார்ப்பதில்லை. அதில் சில்லு இறங்கினால் ஆள் விழுவது வீதியின் பக்கமாகவும் இருக்கலாம், ஆகவே சற்று உள்ளே தள்ளி ஓட்டுவது திமிரன்று. முந்திச் செல்லும் வாகனம் நகருக்குள் ஒன்றரை மீற்றராவது விலகிச் செல்லவேண்டும் என்று ஜேர்மனி 2020இல் விதித்தது. ஒடுங்கிய வீதியில் எதிரே பேருந்து வரும்போது அந்த இடைவெளி கிடைக்காது, அப்போது பின்னால் பொறுத்து வருவதே முறை.

பாதசாரிக் கடவையில் ஒரு வாகனம் நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு முந்தலாம் என்பாரும் உளர். அது நின்றதே கண்ணுக்கு மறைந்த ஒருவர் கடப்பதற்காகத்தான். வாகன விளக்கின் வெளிச்சம் கூடினால் எல்லாருக்கும் நன்று என்பதும் பிழையானதே: நல்லூர்த் திருவிழாக் காலத்து விடியற்காலையில் எதிரே நடந்து வரும் அடியார், பிரகாச விளக்கில் கண் கூசி, தன் காலடியில் இருக்கும் விளிம்பைக்கூடக் காண்பதில்லை.