ரீட் பிளேட் வெட்டப்போகும் தம்பிக்கு



ஆர்எக்ஸ் 100-க்கு ரீட் பிளேட்டை வீட்டிலேயே வெட்டிப்பார்க்கப் போகிறாயாமே, நல்ல ஆரம்பம். எஸ்கார்ட்ஸ் 1985-இல் கொண்டுவந்த வண்டி அது, 1996-இல் நிறுத்தியும்விட்டார்கள். இன்றைக்கும் டெல்லி கரோல் பாக் கடைகளில் கேட்டால் 'ஒரிஜினல்' என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். டப்பா ஒரிஜினலாக இருக்கலாம்.

முதலில் பழையதைப் பார். ரீட் பிளாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடி. பிளேட் மூடியிருக்கும்போதே ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா, மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்வதும், கார்புரேட்டர் பெட்ரோலைத் திருப்பித் துப்புவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பிஸ்டன் மேலே போனால் பிளேட் திறந்து பெட்ரோல் கலவையை உள்ளே விட வேண்டும், கீழே வந்தால் மூட வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 தடவை.

இனிமேல்தான் கவனம். பழைய ஸ்டீல் பிளேட்டை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, அதே தடிமனில் கிளாஸ் எபாக்ஸி ஷீட் வாங்கிவிடாதே. ஸ்டீலின் விறைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இதற்கு. ஆனால் தகட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் வளையாமல் நிற்கும் வலு எட்டு மடங்காகும். ஸ்டீல் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள், இதில் 0.43 வேண்டும், 0.4 ஷீட் போதும். அப்படியும் எடை ஸ்டீலில் பாதிதான். அதனால்தான் எஞ்சின் வேகம் ஏறும்போதும் பிளேட் பின்தங்காமல் மூடுகிறது. உடைந்து உள்ளே போனாலும் ஸ்டீல் துண்டு சிலிண்டர் போரைக் கீறுகிற மாதிரி இது கீறாது.

எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டு செய்கிற ஷீட்தான் இது. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் விசாரி. செம்பு ஒட்டாத ஷீட்டாகக் கேள். செம்பு இருந்தால் ஃபெர்ரிக் குளோரைடில் கரைக்க வேண்டும். அந்தக் கரைசல் சிங்கைப் பாழாக்கும், அம்மாவிடம் திட்டும் வாங்குவாய்.

கத்தரிக்கோல் வேண்டாம், அடுக்கு பிரியும். உள்ளே தெரிகிற நெசவு பிளேட்டின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், குறுக்குச் சாய்வாக அல்ல. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஷீட்டை இறுக்கி, துளையையும் அப்படியே போட்டு, அரத்தை ஒரே திசையில் தள்ளு. பிறகு 600, 1000 நம்பர் எமரி, தண்ணீர் தொட்டு. பாதி வேலை இந்த ஓரத்தில்தான் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார். ஒரே ஒரு இழை தூக்கிக்கொண்டு நின்றாலும் பிளவு அங்கிருந்துதான் கிளம்பும். கண்ணாடித் தூள் நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க் போடு, வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாக நனைத்துவை.

மாட்டும்போது ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு லாக்டைட். கழன்றால் நேரே கிராங்க் கேஸுக்குள் விழும். கூடுதலாகத் திறக்கட்டும் என்று ஸ்டாப்பர் பிளேட்டை வளைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போகாதே.

இது கைவந்ததும் பிஸ்டன் வார்க்கலாமா, கிராங்க் பின் கடையலாமா என்று தோன்றும். வீட்டில் வேண்டாம். ரீட் உடைந்தால் வண்டி நின்றுபோகும், தள்ளிக்கொண்டு வரலாம். ஓடுகிறபோது பிஸ்டனோ கிராங்க் பின்னோ உடைந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. உன் வண்டி எப்படிப் பார்த்தாலும் அதைத் தாண்டியதுதான். இன்றைய நிலவரத்தை ஆர்டிஓவில் கேட்டுக்கொண்டு ரிங் ரோட்டில் ஏறு.

ஒரே இறுக்கலில் இரண்டு செட் வெட்டிவிடு. ஒன்றை மாட்டி 500 கிலோமீட்டர் ஓட்டியதும் கழற்றி, மாட்டாத செட்டோடு ஓரத்துக்கு ஓரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்